முன்னேற்பாடு இல்லாத சிகிச்சையும் முகத்துவாரம் மூடிய துறைமுகமும்

கட்டிடம் எழுப்புவதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும். துறைமுகம் அமைப்பதற்கு முன் மணலைப் பார்க்க வேண்டும். இது நம் கரையோர மக்களுக்குப் புதிய பாடமன்று. ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டுமென்பது 1994ஆம் ஆண்டில் துறைமுக அமைச்சராகப் பொறுப்பேற்ற மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் கனவு. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 2008ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு வேலை தொடங்கிற்று. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் துறைமுகம் திறக்கப்பட்டது. கொடிகள் பறந்தன, மாலைகள் விழுந்தன, பேச்சுகள் முழங்கின. பின் நடந்தது என்ன? சில ஆண்டுகளுக்குள் நுழைவாயிலை மணல் மூடிற்று. படகுகள் உள்ளே போகவும் வெளியே வரவும் தவித்தன. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் காணிகளும் கடலோடு போயின. கல்லும் கொங்கிறீற்றும் உறுதியாகத்தான் நின்றன. ஆனால் கரையோரமாக ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும் மணலுக்குத் தக்க முன்னேற்பாடு இருக்கவில்லை என்பதே மக்களின் குற்றச்சாட்டு. கண்முன் கண்ட விளைவே அதற்குச் சாட்சி.

இந்தக் கதையை இன்று நான் எடுத்தது துறைமுகத்தைப் பற்றி வாதாடுவதற்காக அன்று. மனித உடலுக்குள்ளும் ஒரு முகத்துவாரம் உண்டு. அங்கும் நகரும் பொருள்கள் உண்டு. அவற்றைக் கணக்கில் எடுக்காமல் தொடங்கும் வேலை அங்கும் பழுதாகும். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தங்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அரசியல் வார இதழில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்தபின் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்பதே என் விடை.

ஹாஜியாரின் வழக்கு

சில காலத்துக்கு முன் அறுபது வயது கடந்த ஒரு ஹாஜியார் என் அலுவலகத்துக்கு வந்தார். வயல் செய்பவர். பல வாரங்கள் வெளியூரில் தங்கவேண்டியிருப்பதால் வயற்காரியங்களைக் கவனிக்க மகனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்றார். எழுதி முடித்துக் கையொப்பம் இடும் வேளையில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இன்னொரு வழக்கும் இருக்கிறது. என்னை இரண்டு தடவை சிகிச்சை மேசையில் ஏற்றி, ஒன்றும் செய்யாமல் இறக்கி அனுப்பிவிட்டார்கள். நான் அவர்களுக்கு என்ன குற்றம் செய்தேன்?” என்றார்.

வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டாம். தொலைவிலுள்ளது என்பது போதும். அவருக்குச் சிங்களம் தெரியாது. அங்கு அவரைக் கவனித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழன், முஸ்லிம், கிராமத்தான் என்பதால் புறக்கணித்துவிட்டார்கள் என்றே அவர் நம்பினார். நானும் அப்படியே நம்பினேன். இந்நாட்டில் அப்படி நம்புவதற்கு நமக்குக் காரணங்கள் குறைவல்லவே! அன்றிரவே முறைப்பாட்டு மனுவின் முதற் பந்தியையும் எழுதிவிட்டேன்.

ஆனால் வழக்கை எழுதுவதற்கு முன் உண்மையை அறிவது என் தொழிலின் முதற் கடமை. எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் ஹாஜியாரின் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: “அன்று காலையில் அவர் தண்ணீர் குடித்தாரா? மலம் கழித்தாரா?” ஹாஜியாரிடம் விசாரித்தேன். நீண்ட தூரப் பஸ் பயணம். வழியில் இறங்க இடமில்லை. அதனால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்திருக்கிறார். மலச்சிக்கலோ பல நாளாக இருந்திருக்கிறது. சிறுநீர்ப்பை வெறுமையாகவும் மலக்குடல் நிறைந்தும் இருந்த காரணத்தால், அந்த நிலையில் கதிரைச் செலுத்துவது அவருக்கே கேடு என்று கண்டு, அவர்கள் அவரை இறக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர்கள் செய்த மருத்துவம் சரியானது. ஆனால் அதைச் செய்தவிதம் சரியானதா? பயணியின் முன்யோசனை தண்ணீரைக் குறைக்கச் சொல்லுகிறது. சிகிச்சையின் விதி தண்ணீரைக் குடிக்கச் சொல்லுகிறது. இந்த முரணை அந்த முதியவருக்கு அவருடைய மொழியில் ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால், இரண்டு பயணங்களும் இரண்டு அவமானங்களும் மிஞ்சியிருக்கும். நான் எழுதிய முதற் பந்தியைக் கிழித்தேன். வேறொரு பந்தி எழுதவேண்டியிருந்தது. அதுவே இக்கட்டுரை.

ஏன் இத்தனை ஆயத்தம்?

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, மலக்குடலுக்கு நேர் முன்னே அமைந்த சிறிய சுரப்பி. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே ஊடறுத்துச் செல்கிறது. மேலே உள்ள பை நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் நிறைவதும் வெறுமையாவதுமாக இருக்கிறது. பின்னே உள்ள குடலோ வாயுவாலும் மலத்தாலும் விரிந்து சுருங்குகிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட சுரப்பி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மில்லிமீற்றர் கணக்கில் நகர்கிறது. கதிர்வீச்சும் மில்லிமீற்றர் கணக்கில் குறிவைத்தே செலுத்தப்படுகிறது. குறி தவறினால் நோய் தப்பிவிடும். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் சுடப்படும்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் புற்றுநோய் நிலையத்தார் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திட்டமிடுவதற்காகப் படமெடுத்த நாளில் மலக்குடல் விரிந்திருந்த நோயாளரிடையே, பின்னர் நோய் திரும்பியமை கூடுதலாகக் காணப்பட்டது. அந்த ஒரு நாட் படத்தை வைத்தே முழுச் சிகிச்சையும் வரையப்படுகிறது. மற்ற நாள்களில் குடல் சுருங்கியபோது சுரப்பி பின்னோக்கி நகர்ந்திருக்கும். கதிர் முன்னே விழுந்திருக்கும். அந்நாளில் தினந்தோறும் படமெடுத்துச் சரிபார்க்கும் வசதி குறைவு. இன்று அவ்வசதி பல இடங்களில் உண்டு. ஆயினும் ஆயத்தத்தின் அவசியம் ஒழியவில்லை.

வயல் செய்வோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உழுது, வரம்பு கட்டி, மட்டம் பார்த்து, நீரை அளவாக நிறுத்தியபின்னன்றோ விதைக்கிறோம்? மட்டம் பாராமல் விதைத்துவிட்டு, மேட்டில் காய்ந்ததற்கும் பள்ளத்தில் அழுகியதற்கும் விதைநெல்லைக் குறை சொல்வாருண்டோ?

ஆயத்தங்கள் எவை?

முதலாவது, தீர்மானம். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை, சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம், வேண்டுமாயின் எலும்புப் பரிசோதனை ஆகியவற்றால் நோயின் அளவும் வேகமும் அறியப்படும். பிரித்தானியாவில் 1643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கண்காணித்தும், ஒரு பிரிவினருக்குச் சத்திர சிகிச்சையும், ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சும் அளித்துத் தொடர்ந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. எப்பிரிவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. சுரப்பிக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டவர்களுக்கே இது பொருந்தும். நோய் முற்றியவர் இதைச் சாக்காக்கி வீட்டிலிருக்கலாகாது. ஆனால் ஆரம்ப நிலையில் உள்ளவர் பதறாமல், கேட்கவேண்டியதைக் கேட்டு, ஆற அமரத் தீர்மானிக்க அவகாசம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது, மருந்து. நடுத்தரமான அல்லது கடுமையான நோயாயின், ஆண்மைச் சுரப்புநீரைக் குறைக்கும் ஊசி மருந்தைக் கதிர்வீச்சுக்குச் சில மாதங்களுக்கு முன்னரே தொடங்குவது வழக்கம். “ஊசியைப் போட்டு நாளைக் கடத்துகிறார்கள்” என்று நம்மவர் சிலர் குறைப்படுகிறார்கள். அது நாளைக் கடத்துவதன்று; ஆயத்தத்தின் ஒரு பகுதி. உடற்சூடு, களைப்பு, இல்லற நாட்டக் குறைவு ஆகியன அதனால் வரக்கூடும். அவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது கணவனுக்கும் நல்லது, மனைவிக்கும் நல்லது.

மூன்றாவது, அடையாளம். சில நிலையங்களில் நெல்மணியிலும் சிறிய தங்கத் துண்டுகளை, வழக்கமாக மூன்று, ஊசி மூலம் சுரப்பிக்குள் வைப்பர். சதை படத்தில் தெளிவாகத் தெரியாது, தங்கம் தெரியும். கலங்கரை விளக்கைப் பார்த்துப் படகோட்டி வழி அறிவதுபோல, அவற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் குறி சரிசெய்யப்படும். கிருமி தொற்றாதிருக்க மருந்து தருவர். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் அதை முன்னரே சொல்லவேண்டும். பின்னர் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ கண்டால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வீக்கம் அடங்க ஒரு வாரமாவது விட்டே அடுத்த படி நடக்கும். சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் இடையில் கூழ் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி இரண்டையும் விலக்கிவைக்கும் முறையும் உண்டு. மாதங்கள் சென்றபின் அது தானே கரைந்துவிடும். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, எல்லார்க்கும் தேவையுமில்லை.

நான்காவது, திட்டப் படம். சிகிச்சையின்போது எப்படிப் படுக்கவேண்டுமோ அப்படியே படுக்கவைத்துச் சீ.ரி. படம் எடுப்பர். தோலில் சிறு புள்ளிகள் இடுவர். பின்னர் வைத்தியரும் பௌதிகவியலாளரும் கூடி எவ்விடத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்கிடுவர். அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ செல்லும். இடுப்பில் உலோக மூட்டு வைத்தவர், முன்னர் வயிற்றில் சத்திர சிகிச்சை செய்தவர், குடல் நோயுள்ளவர், நீரிழிவுள்ளவர் அனைவரும் இந்தக் கட்டத்துக்கு முன்னரே அதைச் சொல்லவேண்டும்.

ஐந்தாவதே ஹாஜியாரை வீழ்த்திய படி. திட்டப் படத்தன்றும், பின்னர் ஒவ்வொரு சிகிச்சை நாளிலும், மலக்குடல் வெறுமையாகவும் சிறுநீர்ப்பை அளவாக நிறைந்தும் இருக்கவேண்டும். பல நிலையங்களின் முறை இது: முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, ஏறக்குறைய 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை நீர் அருந்தி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருத்தல். பை நிறைந்தால் அதன் மேற்பகுதியும் சிறுகுடலும் கதிரின் பாதையிலிருந்து விலகிக்கொள்ளும். அடக்கமுடியாமல் துடிக்கும் அளவுக்குக் குடிப்பதும் பிழை. ஒவ்வொரு நாளும் ஒரே அளவாயிருப்பதே முக்கியம். மலச்சிக்கலுக்குச் சில நாள் முன்னரே மருந்து தருவர். சில இடங்களில் சிறிய எனிமாவும் தருவர். வாயுவைப் பெருக்கும் கடலை, பருப்பு, கோவா, சோடா வகைகளை அந்நாள்களில் குறைக்கச் சொல்வர். அளவும் நேரமும் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். ஆகவே இக்கட்டுரையை அன்று, உங்கள் வைத்தியரின் சொல்லையே பின்பற்றுக.

மார்க்கமும் மருத்துவமும்

நம் ஊர்களில் எழும் கேள்விகள் வேறு ஊர்களில் எழுவதில்லை. நோன்பு மாதத்தில் தண்ணீர் குடிப்பது எப்படி? ஆண்மகன் உடலில் தங்கம் வைப்பது எப்படி? தோலில் பச்சை குத்துவது எப்படி? இக்கேள்விகளை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, சிகிச்சையையே இடைநடுவில் விட்டுவிடுவாரும் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். மற்றவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஆனால் சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அணிகலன் வேறு, மருந்து வேறு, அலங்காரம் வேறு, அவசியம் வேறு. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே ஆலிமையும் வைத்தியரையும் கேட்டுவிடுங்கள். நிலையான புள்ளிக்குப் பதிலாக அழியும் மையால் குறியிடும் நிலையங்களும் உண்டு. கேட்டால்தான் தெரியும்.

உரிமை எங்கே நிற்கிறது?

இனி அரசியலுக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியிலும் தமிழ் பேசுவோன் ஒருவன் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவன் என்கிறது. அரச வைத்தியசாலை அரச நிறுவனமன்றி வேறென்ன? காணி அலுவலகத்துக் கடிதம் தமிழில் வராவிட்டால் கொதித்தெழுகிறோம். உயிரைக் காக்கும் அறிவுறுத்தல் தமிழில் வராவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுகிறோம். இது என்ன நீதி?

சம்மதம் என்பதும் வெறும் கையொப்பமன்று. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் மொன்ற்கொமறி வழக்கில், நோயாளி பொருட்படுத்தக்கூடிய ஆபத்துகளையும் தக்க மாற்று வழிகளையும் அவருக்கு எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை என்று தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஆனால் அதன் நியாயம் கடல் தாண்டியும் நியாயமே. விளங்காத மொழியில் எழுதிய தாளில் இட்ட கையொப்பத்தை எந்தச் சட்டத்தரணியும் முழுச் சம்மதமென்று ஏற்கமாட்டான்.

“வைத்தியர் தொகை குறைவு, வரிசையோ நீளம், ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்த முடியுமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நேர்மை உண்டு. நமது அரச வைத்தியசாலைகளில் பணிபுரிவோரின் சுமையை நான் அறியாதவனல்லன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹாஜியாரை இரண்டு தடவை ஏற்றி இறக்கியதில் இயந்திரத்தின் நேரம் வீணாயிற்று; அந்த நேரத்தில் வேறொரு நோயாளி சிகிச்சை பெற்றிருப்பார். தமிழில் அச்சிட்ட ஒரு தாள் அந்த நேரத்தை மீட்டுத் தந்திருக்கும். விளக்கம் சொல்வது இயந்திரத்தின் நேரத்தைத் தின்பதன்று, காப்பது.

கேட்கவேண்டியவை

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முற்காலத்தில் நம்மவர் மகரகமையையே நம்பியிருந்தனர். ஒலுவிலிலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவும் கதிர்வீச்சும் உண்டு. இது பெரும் ஆறுதல். ஆயினும் அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்து விவசாயிக்கு அதுவும் நாள்தோறும் போய்வரும் தூரமன்று. ஆகவே நான் கேட்பவை இவை:

ஒன்று, ஆயத்த அறிவுறுத்தல்கள் யாவும் எளிய தமிழில் அச்சிட்டுத் தரப்படவேண்டும். எழுத்தறியாதவருக்கு வாயால் சொல்லப்படவேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இது ஒரு மாத வேலை.

இரண்டு, கல்முனையில் உள்ள அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலையிலும், கதிர்வீச்சுக்குப் போகும் நோயாளரை முன்கூட்டியே சந்தித்து ஆயத்தப்படுத்தும் தாதியர் ஒருவரேனும் நியமிக்கப்படவேண்டும். மலச்சிக்கலை வீட்டுக்கு அருகிலேயே தீர்க்கலாமே!

மூன்று, தூரத்திலிருந்து வருவோருக்குப் பஸ் நேரத்துக்கு இசைந்த முறை ஒதுக்கப்படவேண்டும். வந்திறங்கி, சிறுநீர் கழித்து, நீர் அருந்திக் காத்திருக்க அவகாசமும் இடமும் சுத்தமான மலசலகூடமும் வேண்டும்.

நான்கு, குறைந்த தடவைகளில் முடியும் சிகிச்சை தமக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு நோயாளியும் கேட்கவேண்டும். பிரித்தானியாவில் 3216 ஆண்களைக் கொண்டு நடந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 37 தடவைக்குப் பதில் 20 தடவையில் அளித்த சிகிச்சை பலனில் குறைந்ததன்று என்று காட்டிற்று. 17 பயணங்கள் குறைவதென்றால் என்னவென்று அறுவடைக் காலத்து விவசாயிக்குத் தெரியும்.

ஐந்து, இது அரசாங்கத்திடம் கேட்பதன்று, நம்மிடமே கேட்பது. பள்ளிவாசல், கோயில், விவசாய சங்கம் எதுவாயினும் சரி, வைத்தியசாலைக்கு அருகே சில வாரம் தங்குவதற்கு ஓர் அறையும், வயலைப் பார்க்க ஓர் ஆளும், கூடப் போக ஒரு துணையும் ஏற்பாடு செய்யட்டும். ஆண்களே, இரவில் பலமுறை எழவேண்டியிருப்பதையும் நீர் பிரியத் தடுமாறுவதையும் மானக்கேடென்று மறைக்காதீர்கள். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வைத்தியரே, தேநீர்க்கடை நண்பரல்லர்.

ஹாஜியார் மூன்றாவது தடவை போனார். மகன் கூடப் போனான். முதல்நாளே சென்று அருகே தங்கினார்கள். நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு தாள் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. இம்முறை அவரை யாரும் இறக்கி அனுப்பவில்லை. சிகிச்சை முடிந்து வந்து அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்துவிட்டு, “தம்பி, அந்தத் தாளை இன்னும் நாலு பேருக்கு எழுதிக் கொடு” என்றார்.

நாலு பேருக்கு நான் எழுதலாம். நாற்பது பேருக்கும் எழுதலாம். ஆனால் அரசு செய்யவேண்டியதை ஒரு சட்டத்தரணியின் பேனா எத்தனை நாள் செய்யும்? மணல் வருமென்று தெரிந்தும் வழி செய்யாத துறைமுகத்தின் கதி என்னவென்று ஒலுவில் கரையில் நின்று பார்த்தோம். பயணி தண்ணீர் குடியாமல் வருவான் என்று தெரிந்தும் வழி செய்யாத சிகிச்சைக்கும் அதே கதிதான். அங்கே அடைபட்டது படகின் வழி. இங்கே அடைபடுவது மனிதனின் வாழ்வு. இதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம், கேட்கும்வரை கேட்போம்.